தாங்கி படும் பாடு
திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பத்திரிகையில் மறுபடியும் செய்தி. யாருக்கு எத்தனை என்கிற கணக்கை அரசாங்கங்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குச் சுவாரசியம் தாங்கிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டேங்க்' என்ற சொல். திருகோணமலையின் சீனக்குடாக் காட்டுக்குள் பிரிட்டிஷ்காரர் கட்டிவைத்த இரும்புருளைகளும் டேங்க்; 1986இல் அணை உடைத்துக்கொண்டு ஊரை அள்ளிப்போன கந்தளாய்க் குளமும் இலங்கை ஆங்கிலத்தில் டேங்க்தான். ஒரே மாவட்டத்தில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஒரே பெயர்! போதாததற்குப் போர் வண்டி வேறு. முதலாம் உலகப் போரில் இரகசியம் காக்க, செய்வது தண்ணீர்த் தொட்டி என்று கதைவிட்டதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 1916 செப்டம்பரில் பிரான்சின் சொம் களத்தில் வேடம் கலைந்தும் பெயர் போகவில்லை. இலங்கைத் தமிழராகிய நாமோ டகரத்தைத் தகரமாக்கி, கடைசியில் ஓர் இகரமும் சேர்த்து, சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் அதை நைசாக உட்கார வைத்துவிட்டோம். பிறந்த இடம் கேட்க யாருக்கும் தோன்றாது. எண்ணெயைத் தாங்குவது தாங்கி, சரி. யுத்தத் தாங்கி எதைத் தாங்குகிறதாம்? தமிழ்நாட்டார் 'டாங்கி' என்று ஒலியோடு நிறுத்திக்கொண்டது எனக்கு நேர்மையாகவே படுகிறது. நமது பத்திரிகைகளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு: எண்ணெய்க் குதம். இங்கே குதம் என்றால் கிடங்கு. சென்னையில் ஒரு வைத்தியரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், கட்டிலில் கவிழ்ந்து படுக்கச் சொல்வார்.