ஹீத் துரையும் பேரற்ற உலைக்காரரும்

நம் பள்ளி விழா ஒன்றில் பேசிய அன்பர், “சேலத்து இரும்பை உலகறியச் செய்தவர் ஹீத் துரை, அவரைத் தாயகமே வஞ்சித்தது” என்று உருகினார். கைதட்டல் பலமாக எழுந்தது. அந்த இரக்கத்தை நான் மறுக்கவில்லை. அது பாதி வழியில் நின்றுவிட்டது என்பதே என் வழக்கு.

ஜோசையா மார்ஷல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். 1825இல் பணியைத் துறந்தார். கஞ்சமலைத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830 அளவில் ஆலை எழுப்பினார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையையும் கடனையும் கம்பெனி அவருக்கு அளித்தது. உலைக்கு விறகுக்கரி வேண்டும். காடு குறையக் குறையச் செலவு ஏறிற்று. ஆலை நட்டத்தில் தள்ளாடி மடிந்தது.

இங்கிலாந்து திரும்பியவர், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரின் உருக்கு விலை பெரிதும் இறங்கிற்று. ஆனால் அவருடைய முகவராயிருந்த அன்வின் முறையைச் சற்றே மாற்றித் தாமே நடத்தினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹீத் முடிவைக் காணாமலே இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அன்வினுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. அநீதிதான், ஐயமில்லை.

ஆனால் அதே 1839இல் வெளியான தம் கட்டுரையில் ஹீத் என்ன எழுதினார்? நம் உலைக்காரர் இரும்புத் துண்டுகளை ஆவாரங்கட்டையோடு மூசையிலிட்டு, எருக்கிலை மூடி, களிமண்ணால் வாயடைத்து உருக்கு செய்வதை வியந்து விவரித்தார். எகிப்தியர் கருங்கல்லைச் செதுக்கிய உளியும் இந்திய உருக்காகவே இருக்கும் என்றுகூட ஊகித்தார். (இது அவருடைய ஊகம், சான்றாகக் கொள்ள வேண்டாம்.) மாங்கனீசு அவர் கண்டது, அதை நம்மவர் கணக்கில் எழுதுவது பொய்யாகும். ஆயினும் துருத்தி ஊதிய அம்மனிதரில் ஒருவர் பெயரும் நம் நினைவில் இல்லை. அவர்களுக்கு எந்தச் சபையில் வழக்கிருந்தது? காட்டுக் கரிமேல் கம்பெனிச் சலுகை பெற்றவரோடு அவர்கள் எப்படிப் போட்டியிட முடியும்? அந்தப் பலவீனமான போட்டியையும் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய மலிவு இரும்பு முடித்துவைத்தது.

அடுத்த ஆண்டு விழாவில் பேச அழைத்தால், ஹீத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவேன். மீதி நேரத்தில் மாணவரைக் கஞ்சமலை அடிவாரத்துக்கு அழைத்துச் சென்று, நிலத்தில் கிடக்கும் இரும்புக் கிட்டத்தைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.