இருவரில் ஒருவர் தனித்து ஓட்டத்தக்க வண்டி

பணி ஓய்வுக்குப் பின் ஊர் சுற்ற விழைவோரை முதலில் ஈர்ப்பது வண்டியின் அழகே. இங்கிலாந்தில் வாழும் எங்களையும் அதுவே ஈர்த்தது. விடுதி அறைகளை நம்பாமல், சொந்த அடுப்பில் ஹலாலாகச் சமைத்து உண்டு, மலையோரத்திலும் கடலோரத்திலும் சில நாள்கள் தங்கிவர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். அதற்கு மோட்டார் இல்லம் ஏற்றதா, சிறிய கேரவன் ஏற்றதா என்பதே எங்கள் முன் நின்ற வினா.

கேரவன் என்றவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவது திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி. பிரித்தானியாவில் அச்சொல்லின் பொருள் வேறு. எஞ்சின் இல்லாத, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடே அங்கு கேரவன் எனப்படும். எஞ்சினும் ஓட்டுநர் இருக்கையும் படுக்கையும் அடுப்பும் ஒரே வண்டிக்குள் அமைந்தது மோட்டார் இல்லம்.

மோட்டார் இல்லத்தின் நன்மைகளை நாங்கள் மறுக்கவில்லை. மழையில் குனிந்து கொக்கி மாட்டும் வேலை இல்லை. பக்கத்தில் பெரிய லாரி கடந்து செல்லும்போது பின்னால் இழுபடும் வண்டி அலைபாயுமோ என்ற அச்சமும் இல்லை. நடுத்தடுப்பு இல்லாத ஊர்ப்புறச் சாலையில், எடை குறைந்த மோட்டார் இல்லம் மணிக்கு 60 மைல் வரை செல்லலாம். கேரவன் இழுக்கும் காருக்கு அங்கே 50 மைலே எல்லை. முழங்கால் வலி உள்ளவர்க்கு இவை சிறிய காரியங்கள் அல்ல.

ஆகவே முதலில் ஏழு மீட்டர் நீள மோட்டார் இல்லம் ஒன்றை ஒரு வாரத்திற்கு வாடகைக்கு எடுத்து, வேல்ஸின் மேற்குக் கரைக்குச் சென்றோம். நான்காம் நாள் இரவு, எங்களில் வண்டி ஓட்டியவருக்கு நெஞ்சு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வந்து அழைத்துச் சென்றது. மற்றவர் பல்லாண்டுகளாகக் கார் ஓட்டுபவர். ஆயினும் அவ்வண்டியை ஒருமுறையும் தொட்டதில்லை. காப்பீட்டிலும் அவர் பெயர் இல்லை. மருத்துவமனைக்குச் சென்று வர ஒவ்வொரு முறையும் பிறர் உதவியை நாட வேண்டியதாயிற்று. மகன் 200 மைல் கடந்து வந்த பின்னரே அவ்வண்டி அவ்விடம் விட்டு நகர்ந்தது. அல்லாஹ்வின் அருளால் உடல் தேறியது. எங்கள் எண்ணமும் அன்றே தெளிந்தது.

முதுமையில் வண்டியைத் தேர்வதற்கு அளவுகோல் படுக்கையின் அகலம் அன்று. இருவரில் ஒருவர் நோயுற்றால் மற்றவர் தனித்து என்ன செய்ய இயலும் என்பதே அளவுகோல். கேரவனாயின், அதைத் தங்குமிடத்தில் நிறுத்தியபின் கார் கைவசம் இருக்கிறது. மருத்துவமனைக்கும் மருந்துக் கடைக்கும் பழகிய காரிலேயே சென்று வரலாம். தேவையேற்படின் கேரவனை அங்கேயே விட்டு வீடு திரும்பி, பின்னொரு நாள் பிள்ளைகளைக் கொண்டு இழுத்து வரச் செய்யலாம்.

சட்டமும் வயதைக் கணக்கில் கொள்கிறது. 1997-க்கு முன் உரிமம் பெற்றோர் பலர் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியையும் ஓட்டலாம். ஆனால் 70 வயதில் அத்தகுதியைத் தொடர மருத்துவப் பரிசோதனை அறிக்கை வேண்டும். அதில் தேறாவிட்டால், பெரும் பொருள் கொடுத்து வாங்கிய கனத்த மோட்டார் இல்லம் வாசலில் நிற்கும். ஓட்டத்தான் ஆள் இராது. கேரவனுக்கோ, 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் உரிமமே போதும். இழுவை வண்டி 3,500 கிலோவரை இருக்கலாம். கேரவனுக்குச் சாலை வரியோ ஆண்டுதோறும் தகுதிச் சோதனையோ இல்லை. மோட்டார் இல்லத்துக்கு இரண்டும் உண்டு.

கேரவனிலும் எச்சரிக்கை தேவை. சுமையேற்றிய கேரவனின் எடை, காரின் எடையில் 85 விழுக்காட்டுக்கு மிகாதிருத்தல் புதியவர்க்கு நல்லது. கனமான பொருள்களை அச்சுக்கு மேலேயே வைக்க வேண்டும். பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்புறம் திருப்பப் பழக வேண்டும். கைவிசையால் இயங்கும் மின் நகர்த்தி ஒன்றைப் பொருத்திவிட்டால், தள்ளி நிறுத்தும் சிரமம் நீங்கும். ஒளூவுக்கும் சமையலுக்குமான 40 லிட்டர் தண்ணீர் உருளை நிறைந்தால் 40 கிலோ. அதைத் தூக்காமல் தரையில் உருட்டியே கொண்டுவரலாம்.

நாங்கள் இருவர் மட்டும் படுக்கத்தக்க சிறிய கேரவனையே வாங்கினோம். வாங்குமுன் இருவரும் பயிற்சி பெற்றோம். கொக்கியை மாட்டவும் கழற்றவும் இருவரும் அறிவோம். காரின் காப்பீட்டிலும் இருவர் பெயரும் உண்டு. கழுத்தைத் திருப்பவோ குனியவோ இயலாதவர்க்கு, 3,500 கிலோவுக்கு உட்பட்ட சிறிய மோட்டார் இல்லமே பொருத்தமாகலாம். அவர்களும் அதை இருவருமே ஓட்டிப் பழகிய பின்னரே வாங்கட்டும்.

நம் குடும்பங்களில் வண்டி ஓட்டுவது ஆணின் பொறுப்பு என்று விட்டுவிடும் வழக்கம் இன்னும் உண்டு. இளமையில் அதனால் பெரிய இடர் நேர்வதில்லை. முதுமையிலோ, துணைவர் சுகமின்றிப் படுத்திருக்கும் இரவில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதறியாது நிற்க நேரும். அந்நிலை எந்தச் சகோதரிக்கும் வர வேண்டாம்.