நடுகல்லும் கொலைக்கல்லும்

கல் ஒன்றே. அதன்மேல் பொறிக்கப்பெறும் பெயர்தான் அதனை வழிபாட்டுக்குரியதாகவும் ஆக்கும், வசைக்குரியதாகவும் ஆக்கும். ஓர் இனம் எவனுக்குக் கல்லெடுக்கின்றது என்பதைக் கொண்டே அதன் உரிமைநிலையை அளந்துவிடலாம். தன் மண்ணைக் காத்து மாய்ந்தவனுக்குக் கல்லெடுப்பது உரிமை இனம். தன்னை மிதித்தவனுக்கு எடுக்கப்பட்ட கல்லைத் தலைகுனிந்து கடந்து செல்வது அடிமை இனம். சென்னை மாநகரம் 1937 வரை, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, இந்த இரண்டாம் நிலையில் நின்றது.

இன்றைய அண்ணாசாலையில், இசுபென்சர் கட்டடத்திற்கு அண்மையில், வெள்ளைப் படைத்தலைவன் ஒருவனின் சிலை நின்றது. மாத்யூ நோபிள் என்னும் ஆங்கிலச் சிற்பி வடித்த சிலை அது. சிலைக்குரியவன் சேம்சு நீல். காத்துலாந்து நாட்டினன், கும்பெனியின் சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவை 1857-இல் வடக்கே நடத்திச் சென்றவன், அவ்வாண்டு செபுதம்பர் 25-ஆம் நாள் இலக்னோவில் சுடப்பட்டு மாண்டவன். வங்கத்தில் எழுந்த கிளர்ச்சி வெள்ளத்தை முதன்முதல் தடுத்தவன் என்பதே அவனுக்கு ஆங்கிலேயர் சூட்டிய புகழ்மாலை.

அவ்வெள்ளத்தை அவன் தடுத்த வகை யாது? 1857 சூன் திங்களில் காசியிலும் அலகாபாத்திலும் ஊர்கள் எரிந்தன, மரக்கிளைகள் தூக்குமரங்களாயின. படைக்கலம் ஏந்தியவன், ஏந்தாதவன் என்ற பிரிப்பின்றி உயிர்கள் பறிக்கப்பட்டன. கான்பூரிலோ, பிடிபட்டோரைச் சவுக்கால் அடித்து, தரையிற் படிந்திருந்த குருதியைத் துடைக்கவும் நக்கவும் செய்து, அதன்பின் தூக்கிலிட்டான். இதனை அவன் மறைக்கவுமில்லை. தன் கட்டளை தக்கதே என எழுதியும் வைத்தான்.

கான்பூரில் வெள்ளைப் பெண்டிரும் குழந்தைகளும் கொல்லப்பட்டதைக் கண்டு கொதித்தே அவன் அவ்வாறு செய்தான் என்று வழக்காடுவோர் உளர். பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றது எவர் செய்யினும் கொடுமையே. அதனை மறுப்பார் மாந்தரல்லர். ஆயினும் நாள்களை நோக்குக. அக்கொலை நிகழ்ந்தது சூலை 15. நீலின் தூக்குமரங்கள் காசியிலும் அலகாபாத்திலும் எழுந்தது அதற்கு முந்தைய சூன் திங்களில். பின் நிகழ்ந்த கொடுமை முன் நிகழ்ந்த கொலைக்கு எங்ஙனம் காரணமாகும்? பொய்க்குக் கால் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அஞ்சாது போரிட்டு மாய்ந்தவனை மறவன் எனல் தகாதோ என்று வேறு சிலர் வினவுவர். மறம் என்பது அறத்தின் வழி நிற்பது. போர் தொடங்குமுன் ஆனிரைக்கும் பெண்டிர்க்கும் நோயுற்றோர்க்கும் காவலான இடம் செல்லுமாறு அறிவித்தலைப் போர்நெறியாகக் கொண்டது பழந்தமிழகம். கல்நடுவதற்கும் அதற்கு நெறியிருந்தது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த கல்லொன்று, ஆகோள் பூசலில் மாய்ந்த தீயன் அந்தவன் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கி நிற்கின்றது. செங்கம் பகுதி எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் பெயர் பொறித்து உருவம் காட்டுகின்றது.

எண்ணிப் பார்க்க! காவல் காத்த நாய்க்கும் கல்லில் இடங்கொடுத்த மண் இது. அம்மண்ணின் தலைநகரில், எளியோரைக் கொன்று குவித்தவன் பீடமேறி நின்றான்.

நிற்கவிடவில்லை தமிழ்மக்கள். 1927-இல் சிலையை அகற்றக் கோரி அறப்போர் மூண்டது. நெல்லையைச் சேர்ந்த சோமயாசுலு முன்னின்றார். காமராசர் பங்கு கொண்டார். காந்தியடிகள் ஒப்புதல் தந்தார். சம்மட்டியும் கோடரியுமாய்த் தொண்டர் சிலைமீது ஏறினர். அணியணியாய்ச் சிறை புகுந்தனர். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறுமகள் அம்மாக்கண்ணுவோடு போராடித் தளைப்பட்டார். அச்சிறுமிக்குக் காந்தியடிகள் இலீலாவதி எனப் பெயர் மாற்றினார். போராடியது தமிழ்க் குழந்தை. அவளுக்குச் சூட்டப்பட்டது வடபெயர்!

பத்தாண்டு கழித்து, 1937-இல், இராசகோபாலாச்சாரியார் ஆட்சியில் சிலை சாலையிலிருந்து அகற்றப்பட்டது. நன்று. ஆயின் அதே ஆட்சி 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்த்துச் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர் நீத்தனர். கல்லாலாகிய அடிமைச் சின்னத்தை இறக்கிய கையே சொல்லாலாகிய அடிமைச் சின்னத்தை ஏற்றியது.

அக்கை இன்னும் ஓயவில்லை. அந்தமானில் நீல் பெயரால் வழங்கிய தீவுக்கு 2018 திசம்பரில் நடுவணரசு பெயர் மாற்றியது. கொலைஞன் பெயர் நீங்கியது நன்றே. நீங்கிய இடத்தில் அமர்ந்த பெயரோ 'சாகீத் துவீப்'. ஆங்கிலப் பெயர் இறங்க, இந்திப் பெயர் ஏறியது. ஆண்டையை மாற்றுவது விடுதலையாகாது.

சிலையை அகற்றியது வரலாற்றை அழிப்பதன்றோ என்பார்க்கும் ஒரு சொல். நீல் சிலை உருக்கப்படவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. அங்கேயே இருக்கட்டும். அருங்காட்சியகத்தில் வைப்பது அறிவதற்கு. நாற்சந்தியில் நிறுத்துவது வணங்குவதற்கு. இரண்டன் வேறுபாடும் அறியாதாரே வரலாறு வரலாறு என்று வாய்வலிக்கக் கூவுவர்.

உண்மையில் மறக்கப்பட்ட வரலாறு எது? நீலுக்குச் சிலையும் உண்டு. காத்துலாந்து ஊராகிய ஏரில் மற்றொரு சிலையும் உண்டு. அவன் சிலையை வீழ்த்தச் சிறை சென்றோர் பெயரைக் கூறும் கல் எங்கே? அண்ணாசாலையில் நாளும் செல்லும் பல்லாயிரவருள் எத்துணைப் பேர், தம் காலடி படும் இடத்தில் ஓர் அறப்போர் நடந்ததென அறிவர்? பகைவனின் கல்லை அகற்றுவது பாதிப் பணி. தன் மறவர்க்குக் கல் நடுவதே மீதிப் பணி. அம்மீதிப் பணியைச் செய்யாமல் விட்ட இடத்தில்தான் அயற்பெயர்கள் வந்தமர்கின்றன.

சென்னை மாநகராட்சியும் தமிழ்நாட்டரசும் அவ்விடத்தில் ஒரு நடுகல் நடுக. வானளாவிய பீடம் வேண்டா. ஆளுயரக் கல் போதும். நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்து தளைப்பட்டோர் பெயர்களைச் சிறைப் பதிவேடுகளில் தேடித் தொகுத்து, அக்கல்லில் தூய தமிழில் பொறிக்க. அம்மாக்கண்ணுவின் பெயரை அம்மாக்கண்ணு என்றே பொறிக்க.

நாய்க்கும் கல் நட்ட இனம், தன் மக்களுக்கு நட மறப்பதோ?