உழுதவனுக்கும் பங்கு வேண்டும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் அணியின் ஆயுள் இப்போதெல்லாம் ஒரு பருவம்தான். முன்பு கல்லூரி மாறும் ஆட்டக்காரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021-இல் முதன்முறை மாறுவோருக்கு அந்தத் தடை நீங்கியது. 2024-இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றானது.

அதே 2024-இல் பயிற்றுநர் ஜான் கலிபாரி கென்டக்கியை விட்டு ஆர்கன்சாவுக்குப் போனார். பின்னால் வந்த மார்க் போப் ஏறக்குறைய ஒரு முழு அணியையே புதிதாகத் திரட்ட வேண்டியதாயிற்று. பயிற்றுநர் போகலாம், மாணவர் போகக்கூடாதா? மாறுவது அவர்களின் உரிமை என்பதே என் கருத்து.

ஆனால், வளர்த்துவிட்ட சிறிய கல்லூரிக்கு என்ன கிடைக்கிறது? வால்டர் கிளேட்டன் ஜூனியர் நியூயார்க் மாநிலத்தின் அயோனாவில் ஈராண்டு ஆடி வளர்ந்தவர். 2023-இல் புளோரிடாவுக்கு மாறினார். 2025-இல் புளோரிடா தேசிய வெற்றியாளர் ஆனது. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. அயோனாவுக்கோ அடுத்த ஆட்டக்காரரைத் தேடும் வேலைதான் மிச்சம். தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப் பள்ளியில் முடித்தவன் நான். முதலில் கைபிடித்து எழுத வைத்தவரைக் கடைசி மேடையில் யாரும் நினைப்பதில்லை என்பதை அறிவேன்.

காற்பந்தில் இதற்கு வழி உண்டு. இளம் ஆட்டக்காரரை வளர்த்த கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு தர ஃபீஃபா விதி வகை செய்கிறது. கூடைப்பந்திலும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி ஒரு சிறு நிலையான தொகையைத் தரட்டும். அது மாணவரின் கையிலிருந்து பிடிக்கப்படக் கூடாது. கதவு திறந்தே இருக்கட்டும் நண்பர்களே. உழுதவன் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டாம்.