“கண் எங்கே இருக்கு?” என்று கேட்காதீர்கள்!

கீபோர்டில் ‘எம்’ எழுத்தைத் தேடுகிறான் என் ஏழு வயது மகன். பக்கத்தில் நிற்கும் எனக்குப் பொறுமை இல்லை. “முன்னாடிதானே இருக்கு, கண் எங்கே இருக்கு உனக்கு?” என்று ஓர் அதட்டல். பல வீடுகளில் இது அன்றாடக் காட்சி. தவறு நம்முடையது என்பதே என் கருத்து.

எங்கள் சாகுபுரம் பக்கம் உப்பளங்கள் அதிகம். வெள்ளை உப்புக் குவியலில் ஒரு சிவப்பு வாளி இருந்தால் சின்னப் பிள்ளைகூட உடனே காட்டிவிடும். சிவப்பு வாளிகளும் நீலக் குடங்களும் கலந்து கிடக்கும் இடத்தில், ஒரே ஒரு சிவப்புக் குடத்தைத் தேடச் சொல்லுங்கள். அங்கே நிறத்தையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை 1980-ல் உளவியல் அறிஞர்கள் ஆன் டிரீஸ்மன், கேரி ஜெலாட் விளக்கினார்கள். முதல் வகைத் தேடலில் பொருட்கள் எத்தனை இருந்தாலும் நேரம் அவ்வளவாகக் கூடாது. இரண்டாம் வகையில் பொருட்கள் கூடக்கூட நேரமும் கூடும். 1998-ல் லானா டிரிக், ஜேம்ஸ் என்ஸ் இருவரும் 6 முதல் 72 வயது வரை உள்ளவர்களைச் சோதித்தார்கள். இரண்டாம் வகைத் தேடலில் 6 வயதுப் பிள்ளைகள் 22 வயதினரைவிடப் பின்தங்கினார்கள். காரணம் சோம்பல் அல்ல, வயது.

கீபோர்டும் அப்படித்தான். எழுத்துக் கீகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே நிறம், ஒரே அளவு. தனித்துத் தெரிய எதுவும் இல்லை.

“மூளை வேகத்தைக் கூட்டும்” என்று விற்கப்படும் கேம்களுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். விளையாட விளையாட அந்தக் கேமில் வேகம் கூடும். பாடத்திலும் கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

அதற்குப் பதில், தேடும் வேலையைக் குறையுங்கள். டெஸ்க்டாப்பில் பிள்ளைக்கு வேண்டிய நான்கைந்து ஐகான்களை மட்டும் வையுங்கள். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஐகான்கள் பெரிதாகும். அடிக்கடி தேடும் கீகளில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தமிழுக்குத் தமிழ்99 பழக்குங்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம் என்பதால் தேடும் இடம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பிள்ளை மானிட்டரில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

வேகம் வயதோடு தானாக வரும். அதட்டினால் பயம்தான் வரும். பயந்த பிள்ளை கம்ப்யூட்டர் பக்கமே வராது.