வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு விற்பவர் ஏன் மொய் எழுத வேண்டும்?

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டை 400,000 டாலருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களாக அங்கே இருந்துவந்த வழக்கப்படி 5 முதல் 6 சதவீதம் கமிஷன், மொத்தமும் விற்பவர் தலையில். 6 சதவீதம் என்றால் 24,000 டாலர். அதில் பாதி அவருக்காக ஓடியாடிய ஏஜென்ட்டுக்கு. நியாயம். மீதி 12,000? வாங்க வந்தவர் பக்கம் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் குறைங்க சார்" என்று பேரம் பேசிய ஏஜென்ட்டுக்கு!

கேஸ் போட்டவனின் வக்கீலுக்கும் சேர்த்து ஃபீஸ் கட்டும் கதைதான் இது. ஆனால் அங்கே இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. 'அப்படித்தான் வழக்கம்' என்ற ஒற்றை வார்த்தையில் பல தலைமுறை ஓடிவிட்டது.

சட்டம் எந்த சதவீதத்தையும் விதிக்கவில்லை. புரோக்கர்கள் கூடி கமிஷன் ரேட்டை நிர்ணயம் செய்வது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950லேயே சொல்லிவிட்டது. பிறகு எப்படி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ரேட்? எம்.எல்.எஸ். என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஊரில் விற்பனைக்கு வரும் வீடுகளை ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் இடம். அதில் வீட்டைப் போட வேண்டுமானால் வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு இவ்வளவு தருகிறோம் என்று முன்கூட்டியே ஒரு தொகை 2024 வரை சொல்லியாக வேண்டியிருந்தது. இது தேசிய ரியல்ட்டர்கள் சங்கத்தின் (என்.ஏ.ஆர்.) அன்றைய விதி. தொகை எவ்வளவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் 3 என்று போட்டிருக்கும்போது 1 என்று போட யாருக்குத் தைரியம் வந்திருக்கும்?

அந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. பராக் பதக் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் பாஸ்டன் வட்டார விற்பனைகளை ஆராய்ந்து 2017ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கமிஷன் குறைவாக வைத்த வீடுகள் விற்பதற்கான வாய்ப்பு 5 சதவீதம் குறைவு. விற்க ஆகும் காலம் 12 சதவீதம் அதிகம். அதாவது ஏஜென்ட் வாடிக்கையாளருக்குப் பிடித்த வீட்டைத் தேடவில்லை, தனக்குப் பிடித்த கமிஷனைத் தேடினார். "பார்த்தீர்களா, அதனால்தான் 3 கொடுங்கள் என்கிறோம்" என்று புரோக்கர்கள் இதையே காட்டலாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். நோயைக் காட்டி நோயையே மருந்தாக விற்கக் கூடாது.

2023 அக்டோபரில் மிசௌரி மாநிலம் கேன்சஸ் சிட்டியில் ஜூரி இதற்கு ஒரு விலை போட்டது. வீடு விற்றவர்கள் தொடுத்த வழக்கில் என்.ஏ.ஆரும் பெரிய புரோக்கர் நிறுவனங்களும் சேர்ந்து சதி செய்ததாகத் தீர்ப்பு. நஷ்ட ஈடு சுமார் 178 கோடி டாலர். 2024 மார்ச்சில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 41.8 கோடி டாலர் தர என்.ஏ.ஆர். சமரசத்துக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 17 முதல் எம்.எல்.எஸ்.ஸில் வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கான கமிஷனைப் போடக் கூடாது. வாங்குபவரும் வீடு பார்க்கப் போகும் முன்பே தன் ஏஜென்ட்டோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கூலி எவ்வளவு என்று குறிக்க வேண்டும்.

அப்பாடா, முடிந்ததா? இல்லை. பட்டியலில்தான் போடக் கூடாது. ஃபோனில் சொல்லலாம், வாசலில் போர்டு வைக்கலாம். ஆகவே விற்க வருபவரிடம் கேள்வி இன்னமும் அதேதான்: "வாங்குபவர் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு போடலாம்? இரண்டரை?" சரியான பதில்: எதுவும் போட வேண்டாம். ஆஃபர் வரட்டும்.

காரணம் எளிய கூட்டல் கழித்தல். மூன்று ஆஃபர் வருகிறது. முதலாமவர் 400,000 தருகிறார், தன் ஏஜென்ட்டுக்குத் தானே கொடுத்துக்கொள்கிறார். இரண்டாமவர் 405,000, ஆனால் ஏஜென்ட்டின் 2 சதவீதத்தை விற்பவர் தர வேண்டும். 8,100 போக மிச்சம் 396,900. மூன்றாமவர் 410,000, அதே 2 சதவீதம். 8,200 போக 401,800. மூன்றாமவர்தான் ஜெயிக்கிறார் (பேங்க் மதிப்பீடும் அந்த விலைக்கு வந்தால்). முன்கூட்டியே 3 சதவீதம் என்று அறிவித்திருந்தால்? 2 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தவரும், ஏஜென்ட்டே இல்லாமல் வந்தவரும்கூட அந்த 3ஐ மனதில் வைத்துத்தான் பேசுவார்கள். பேரம் தொடங்கும் முன்பே சீட்டைத் திறந்து காட்டுவதற்குப் பெயர் தாராளம் அல்ல, ஏமாளித்தனம்.

"முதல் வீடு வாங்கும் இளம் தம்பதி கையில் காசுக்கு எங்கே போவார்கள்?" என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்விதான். முன்பணமே கஷ்டப்பட்டுச் சேர்த்தவர்களிடம் இன்னொரு 12,000 இருக்காது. ஆனால் பழைய முறையில் அவர்களுக்கு அது இலவசமாகவா கிடைத்தது? விற்பவர் அதை விலையில் ஏற்றியிருந்தால் அது வீட்டுக் கடனில் போய் உட்காரும். 6.5 சதவீத வட்டியில் 12,000 டாலரை 30 வருடம் கட்டினால் மொத்தம் 27,000ஐத் தாண்டும். அவர்கள் கொடுத்தார்கள், பேரம் பேசும் உரிமை மட்டும் அவர்களிடம் இல்லை. இப்போது தேவைப்படுகிறவர் ஆஃபரிலேயே கேட்கலாம், விற்பவர் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம். கேட்பவருக்குக் கொடுப்பது வேறு, கேட்காதவர் பையிலும் திணிப்பது வேறு.

விற்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தன் ஏஜென்ட்டோடு போடும் ஒப்பந்தத்தில் 'மொத்தம் 6' என்று மொட்டையாக இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. ஏஜென்ட் இல்லாத ஒருவர் வந்து வாங்கினால் அந்த இன்னொரு பாதி யாருக்கு? பதில் எழுத்தில் இல்லாவிட்டால் பணம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏஜென்ட் என்பவர் தன்னை நியமித்தவருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது பி.காம். மாணவர் வணிகச் சட்டத்தில் படிக்கும் பாலபாடம். யார் நியமித்தாரோ அவரே கூலியையும் பேசட்டும். மற்றவர் மொய் எழுதுவது கல்யாண வீட்டில் மட்டும் போதும்.