திருடனுக்குத் தாளம் போட்ட விரல்கள்



திரையரங்கின் வாசலை மிதித்து நெடுநாளாகியிருந்த எனக்கு, 2017-ஆம் ஆண்டில் ஒரு வாய்ப்பு வந்தது. பெங்களூரில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். கல்லூரியில் படிக்கும் பேரன், "தாத்தா, ஓர் ஆங்கிலப் படம் வந்திருக்கிறது. பாட்டுக்காகவே பார்க்க வேண்டும், வாருங்கள்" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றான். படத்தின் பெயர் 'பேபி டிரைவர்'. இயக்கியவர் எட்கர் ரைட் என்னும் ஆங்கிலேயர்.

படம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் ஒரு வங்கிக் கொள்ளை நடந்துவிடுகிறது. கொள்ளையரை ஏற்றிக்கொண்டு ஒரு சிவப்புக் கார் அட்லாண்டா நகர வீதிகளில் பறக்கிறது. கார் திரும்புவதும், சக்கரம் கிறீச்சிடுவதும், கதவு சாத்துவதும் பின்னால் முழங்கும் பாட்டின் தாளத்துக்கு இம்மியும் பிசகாமல் நிகழ்கின்றன. இடைவேளையில் பேரன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "தாத்தா, உங்கள் விரல்கள் நாற்காலியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன!" நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் அவன் கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. "அந்தக் கார் போலீசிடம் அகப்படக் கூடாதென்று நாம் இருவருமே விரும்பினோம் அல்லவா? ஏன்?"

முதலில் படத்தைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். கதாநாயகனுக்குச் சிறு வயதில் நேர்ந்த கார் விபத்தில் தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். அன்று முதல் அவன் காதில் ஓயாத இரைச்சல். அதை அமிழ்த்துவதற்காக எந்நேரமும் பாட்டுக் கேட்கிறான். கொள்ளைக் கூட்டத் தலைவன் ஒருவனுக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதற்காகக் கார் ஓட்டுகிறான். இப்படத்தில் பாடல்களை முன்னரே தேர்ந்து, அவற்றின் அளவுக்கேற்பக் காட்சிகளை அமைத்தார்கள். படத்தொகுப்பாளரும் படப்பிடிப்புத் தளத்துக்கே வந்து, எடுத்ததை உடனுக்குடன் இசையோடு பொருத்திப் பார்த்தார். கதாநாயகன் காப்பி வாங்கச் சென்று திரும்பும் காட்சி ஒன்று வெட்டே இல்லாமல் ஓடுகிறது. அவனது நடையும் தெருவின் ஓசைகளும் பாட்டோடு இணைந்து செல்கின்றன. காப்பித் தோட்டங்களின் நடுவே வாழும் எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது! படத்தொகுப்புக்கும் ஒலிக்குமாக மூன்று ஆஸ்கார் பரிசுகளுக்கு இப்படம் முன்மொழியப்பட்டது. கைத்திறன் அத்தகையது. வன்முறையும் கெட்ட வார்த்தைகளும் மிகுந்த படம் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலேயே 17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்க அனுமதியில்லை.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பேரன் கிளியூர் வந்தபோது, சேலத்திலிருந்து மலையேறும் முன் ஏற்காட்டுச் சாலையருகே நிற்கும் பழைய நுழைவாயில் வளைவை அவனுக்குக் காட்டினேன். அதுவே மாடர்ன் தியேட்டர்ஸ் நின்ற இடம். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று திரும்பி, 1930-களில் நிறுவிய படப்பிடிப்பு நிலையம் அது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. இன்று எஞ்சியிருப்பது அந்த வளைவுதான். "உன் ஆங்கிலப் படத்துக்கு அறுபது ஆண்டு முன்பே எங்கள் மலையடிவாரத்தில் திருடர்கள் பாட்டோடு வந்துவிட்டார்கள்" என்றேன்.

அங்கே 1950-இல் உருவான 'மந்திரி குமாரி' படத்தில் ராஜகுருவின் மகன் பார்த்திபன், யாரும் அறியாமல் வழிப்பறிக் கொள்ளை நடத்துபவன். உண்மை தெரிந்துகொண்ட மனைவியை அவன் மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். செல்லும் வழியெல்லாம் இனிய பாட்டு. ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. கேட்பவர் மனம் குழைகிறது. அவன் எண்ணமோ, உச்சியிலிருந்து அவளைத் தள்ளிவிடுவது! முடிவில் பள்ளத்தில் விழுந்தவன் அவனே. இனிய பாட்டு எங்கே அழைத்துச் செல்கிறது என்று பாராமல் பின்தொடரக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் கண்டதில்லை.

1956-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்தது 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. தமிழில் முழுவதும் வண்ணத்தில் வெளிவந்த முதல் படம். எம். ஜி. ஆர்., பானுமதி, பி. எஸ். வீரப்பா நடித்தது. எஸ். தட்சிணாமூர்த்தியின் இசை. அக்கதையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் காலான் என்பவருக்குப் பாரிஸ் நகரில் 1709-இல் வாய்மொழியாகச் சொன்னவர், ஹன்னா தியாப் என்னும் சிரியா நாட்டு மாரோனியக் கிறிஸ்தவர். அலெப்போவிலிருந்து பாரிசுக்கும், அங்கிருந்து ஏட்டுக்கும், பின்பு சேலத்துக்கும் வந்து சேர்ந்த கதை அது. குகை திறக்கும் மந்திரச் சொல்லான 'சீசேம்' என்பது வேறொன்றுமில்லை, நம் எள்தான். பேராசைக்காரனான அண்ணன் காசிம் உள்ளே நுழைந்து பொன்னைக் கண்டதும் சொல்லை மறந்துவிடுகிறான். வேறு தானியங்களின் பெயர்களையெல்லாம் சொல்லியும் எள் மட்டும் நினைவுக்கு வரவில்லை. கதவு திறக்கவில்லை. திருடர் வந்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது வயது ஒன்பது. கிளியூரிலிருந்து அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் கடந்து, பேருந்தில் இறங்கினார். கறுப்பு வெள்ளையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த வண்ணம் ஒரு திருவிழா. திரும்பும் வழியெல்லாம் படத்தின் மெட்டுகளை முணுமுணுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, அம்மா அடுப்படிக்குப் பின்னே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த வேளையில், அஞ்சறைப் பெட்டியின் முன்னே நின்று மந்திரம் சொன்னேன். மூடி திறந்தது. கடுகுக்கு அடியில் அம்மா மறைத்து வைத்திருந்த கால் ரூபாய் என் கைக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைத் திருட்டென்று நான் எண்ணவில்லை. உதட்டில் பாட்டு இருந்தது. ஆகவே அது விளையாட்டாக இருந்தது. சந்தையில் முறுக்கு வாங்கித் தின்றேன்.

மறுநாள் அம்மா பெட்டியைத் திறந்தார். ஐயம் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அக்காவின் மேல் விழுந்தது. அம்மா ஏசவில்லை. "நீ எடுத்தாயா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அந்த அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் இரவு என்னால் பொறுக்க முடியாமல் அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் அடிக்கவில்லை. விடிந்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த அக்காவின் வீட்டுக்கு நடந்தார். வாசலில் நின்று, "நான்தான் எடுத்தேன், அக்கா" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அக்கா மீண்டும் வேலைக்கு வந்தார். ஆயினும் அடுப்படிக்குள் மட்டும் அதன்பின் நுழையவே இல்லை. குடத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அலிபாபாவின் வீட்டைக் காப்பாற்றியவள் ஒரு வேலைக்காரப் பெண். எங்கள் வீட்டில் என் பாட்டுக்கு விலை கொடுத்தவரும் ஒரு வேலைக்காரப் பெண்ணே.

இதைப் பேரனிடம் சொன்னபோது, அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு நாங்கள் இருவரும் அவன் கேள்விக்கு விடை தேடினோம்.

தாளம் நம் மூளையைக் கேட்டுக்கொண்டு உள்ளே வருவதில்லை. நேரே கால்களுக்கும் விரல்களுக்கும் போய்விடுகிறது. யாருடைய அசைவோடு தாளம் பொருந்துகிறதோ அவன் பக்கம் நம் நெஞ்சு சாய்ந்துவிடுகிறது. துரத்தும் காவலருக்குப் பாட்டில்லை. பணத்தைப் பறிகொடுத்தவனுக்கும் பாட்டில்லை. ஆகவே அவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கலையின் வல்லமை அது. மகிழ்ந்துவிட்டுப் போகலாம். ஆனால் விலை கொடுத்தவர் யார் என்று படம் முடிவதற்குள் ஒருமுறையேனும் காட்டுகிறதா என்பதே நல்ல படத்துக்கும் மற்றதுக்கும் உள்ள வேறுபாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

'பேபி டிரைவர்' காட்டுகிறது. ஒரு கொள்ளையின்போது உடனிருப்போர் தாமதித்ததால் பாட்டு முந்திவிடுகிறது. அவன் பாட்டை முதலிலிருந்து மீண்டும் வைத்த பிறகே அவர்களை இறங்க விடுகிறான். இசையில்லாமல் அவனால் அச்செயலைத் தாங்க முடியாது என்பது அங்கே புரிந்துவிடுகிறது. வேறோரிடத்தில் ஒரு முதிய பெண்மணியின் காரைப் பறிக்கும்போது, அவருடைய கைப்பையை மன்னிப்புக் கேட்டுத் திருப்பித் தருகிறான். கடைசியில் பாலத்தின்மேல் காரை நிறுத்திச் சாவியைத் தூக்கியெறிந்துவிட்டுச் சரணடைகிறான். நீதிமன்றத்தில் அதே முதிய பெண்மணியும், காது கேளாத அவனுடைய வளர்ப்புத் தந்தையும் அவன் நற்குணத்துக்குச் சாட்சி சொல்கிறார்கள். ஆயினும் 25 ஆண்டுத் தண்டனை; ஐந்தாண்டுக்குப் பின்னரே விடுதலை பற்றிய பரிசீலனை. அன்பும் உண்டு, கணக்கும் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை தோறும் நாம் கேட்கும் நல்ல கள்வனும் தனக்குக் கிடைத்த தண்டனை நியாயமே என்று ஒப்புக்கொண்ட பிறகுதானே வேண்டினான்!

பிள்ளைகள் இத்தகைய படங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். வயதுக்கேற்றதா என்று பார்த்து, முடிந்தால் உடன் செல்லுங்கள். தாளம் போடுங்கள், தவறில்லை. இரவு உணவின்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தக் காட்சியில் பாட்டை நிறுத்திவிட்டால் என்ன மிஞ்சும்? யார் அழுதுகொண்டிருப்பார்?" பிள்ளைகள் தாமே கண்டு சொல்வார்கள். என் பேரன் சொன்னான்: "அந்தத் தண்ணீர்க்கார அக்கா, தாத்தா."